ரார் கோப்பைப் பிரிக்கும் முன்: மலையகத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்து ஹட்டனில் சின்னதாக ஒரு கொம்யூனிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோகொப்பி, டைப்பிங், ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம் என்று நாள் போய்விடும். 2025 ஆகஸ்டில் ஒரு காலை, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ரார், ஸிப் பொதிகளைப் பிரிக்கும் வின்ரார் என்ற மென்பொருளில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற செய்தியைப் படித்துவிட்டுத்தான் கடையைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் தெரிந்த ஆசிரியர் ஒருவர் பென் டிரைவோடு வந்தார்.

"தம்பி, உயர்தர மாதிரி வினாத்தாள் எல்லாம் இதுல ஒரே கோப்பா இருக்கு. பிரிச்சு இருபது கொப்பி போட்டுத் தாங்க."

"ஒரு நிமிஷம் இருங்க சேர்," என்று சொல்லிவிட்டு, கடைக் கணினியில் என்ன வின்ரார் இருக்கிறது என்று பார்த்தேன். 5.40. 2016-இல் வந்த பதிப்பு. ஒன்பது வருடமாக அதே கணினியில் ஊரில் உள்ளவர்கள் கொண்டுவந்த கோப்பையெல்லாம் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

சேர் கொண்டுவந்த கோப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்று முழுக்க மனம் ஆறவில்லை. அந்த 5.40 நிறுவி (மென்பொருளைக் கணினியில் போடும் கோப்பு) என் வெளி ஹார்ட் டிஸ்க்கில் 'சொஃப்ட்வெயார்' என்ற ஃபோல்டரில் கிடக்கிறது. விண்டோஸ் போடச் சொல்லி யார் லெப்டொப் கொண்டுவந்தாலும் பாமினி தமிழ் எழுத்துரு, வீடியோ பார்க்கும் விஎல்சி, வின்ரார் மூன்றையும் அதிலிருந்துதான் போட்டுக் கொடுப்பேன். அப்படியானால் ஓட்டை என் கடையில் மட்டும் இல்லை. கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று நான் கைவைத்த லெப்டொப் எல்லாவற்றிலும் இருக்கிறது.

அதன் பிறகு நான் படித்ததையும் செய்ததையும் வரிசையாக எழுதுகிறேன். கடை வைத்திருப்பவர்கள், பாடசாலையில் கணினிக்குப் பொறுப்பானவர்கள், வீட்டில் ஒரு லெப்டொப் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஓட்டை எங்கே இருக்கிறது

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். லயத்துக் காம்பிராவுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, பெரும்பாலும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார். மேலே எழுதியிருப்பதை அவர் அப்படியே நம்பிப் போகிறார் என்று வையுங்கள். ஒருவன் உறையில், 'இந்த லயத்துக்குக் கொண்டுபோ, அங்கிருந்து ஒரு படி மேலே ஏறு, இன்னும் ஒரு படி ஏறு, அப்புறம் துரை பங்களா சமையலறைக்குள் வைத்துவிட்டு வா' என்று எழுதிவிடுகிறான். நல்ல தபால்காரர் நின்று யோசிப்பார். யோசிக்காதவர் கொண்டுபோய் வைத்துவிடுவார்.

ரார், ஸிப் போன்ற பொதிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் பெயரோடு ஒரு பாதையும் எழுதியிருக்கும். பிரிக்கும் மென்பொருள் அந்தப் பாதையைப் பார்த்துத்தான் கோப்பை வைக்கிறது. இரண்டு புள்ளி, பக்கத்தில் ஒரு சாய்கோடு என்று பாதையில் இருந்தால் 'ஒரு ஃபோல்டர் மேலே போ' என்று அர்த்தம். அதைத் திரும்பத் திரும்பப் போட்டால், நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபோல்டரை விட்டு வெளியேறிக் கணினியின் வேறு மூலைக்குப் போய்விடலாம். மென்பொருள் இதைக் கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும். அந்தச் சோதனை பிழைக்கும் இடம்தான் ஓட்டை. 2018-இல் ஸ்னிக் என்ற பாதுகாப்பு நிறுவனம் பல மென்பொருள்களில் இதே பிழையைக் காட்டி, 'ஸிப் ஸ்லிப்' என்று பெயர் வைத்தது.

நாம் நினைப்பது என்ன? 'பிரித்துத்தானே பார்த்தேன், ஒன்றையும் ஓட்டவில்லையே' என்று. பிரிப்பது என்பது பார்ப்பது மட்டுமல்ல. வேறு யாரோ எழுதிய பட்டியலின்படி உங்கள் டிஸ்க்கில் கோப்புகளை எழுதும் வேலை அது. இதை மட்டும் மனதில் இருத்திக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்று தானாக விளங்கும்.

வின்ராரில் இப்படி மூன்று தடவை பெரிதாக நடந்திருக்கிறது. 2019 பெப்ரவரியில் செக் பொயின்ட் நிறுவனத்து ஆய்வாளர்கள், ஏஸ் என்ற பழைய பொதி வகையைப் பிரிக்கும் பகுதியில் ஓட்டையைக் காட்டினார்கள். 19 வருடங்களுக்கு மேலாக அது அங்கேயே இருந்திருக்கிறது. அந்தப் பகுதியின் மூல நிரல் வின்ரார்காரர்களிடமே இல்லை. அதனால் திருத்த முடியாமல், 5.70 பதிப்பில் ஏஸ் ஆதரவையே தூக்கிவிட்டார்கள்.

2023-இல் வந்தது வேறு மாதிரி. பொதிக்குள் ஒரு படமும், அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் இருக்கும். வின்ரார் ஜன்னலுக்குள்ளேயே படத்தை இரண்டு தடவை கிளிக் செய்தால், படத்தோடு சேர்த்து ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் கட்டளைக் கோப்பு ஓடிவிடும். பங்குச் சந்தையிலும் கிரிப்டோவிலும் ஈடுபடுபவர்களை அந்த ஏப்ரல் முதலே இப்படித் தாக்கியிருக்கிறார்கள். குரூப்-ஐபி நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, ஆகஸ்டில் 6.23 பதிப்பில் திருத்தம் வந்தது. பிரிக்காமல் உள்ளே எட்டிப் பார்த்தால் ஆபத்தில்லை என்று இருந்தவர்களுக்கு இது நல்ல அடி.

மூன்றாவது, அன்று காலை நான் படித்தது: சிவிஇ-2025-8088. கண்டுபிடிக்கும் ஓட்டைகளுக்குப் பொதுவாகக் கொடுக்கும் இலக்கம் அது. 2025 ஜூலை 18-ஆம் திகதி ஈசெட் நிறுவனம் இதைக் கண்டது. ரொம்கொம் என்ற ரஷ்யச் சார்புக் குழு, ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள நிதி, உற்பத்தி, பாதுகாப்பு, சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. இணைப்பாக வந்தது என்ன தெரியுமா? வேலை தேடுபவரின் சுயவிபரக் கோவை. நம் கடைகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதே கோவையைத் திறக்கிறோம்!

அது வேலை செய்யும் விதம் இப்படி. விண்டோஸின் கோப்பு முறையில் ஒரு கோப்புக்குப் பின்னால் இன்னொரு மறைவான அடுக்கை ஒட்டி வைக்கலாம். மாற்றுத் தரவோடை என்பார்கள். அந்தப் பொதியைத் திறந்தால் ஒரே ஒரு ஆவணம்தான் தெரியும். அதற்குப் பின்னால் மறைவான அடுக்குகள், அவற்றில் மேலே மேலே ஏறிப் போகும் பாதைகள். பிரித்ததும் ஒரு குறுக்குவழிக் கோப்பு ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். தீய நிரல் தற்காலிக ஃபோல்டருக்குப் போகும். அடுத்த தடவை கணினியைப் போட்டு உள்ளே நுழைந்ததும் அது தானாக ஓடும். சுயவிபரக் கோவையைத் திறந்தவருக்கு ஒன்றுமே தெரியாது.

திருத்தம் 2025 ஜூலை 30-இல் 7.13 பதிப்பாக வந்தது. அதற்கு முந்திய மாதம்தான் இதே மாதிரி இன்னொரு ஓட்டையை 7.12-இல் அடைத்திருந்தார்கள். திருத்தம் வந்த பிறகும் பழைய பதிப்பு வைத்திருப்பவர்களைத் தேடித் தாக்குவது நிற்கவில்லை. காரணம், வின்ரார் தானாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. நாம் போய்ப் போட்டால்தான் உண்டு.

படி 1: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

வின்ராரைத் திறந்து, மேலே ஹெல்ப் என்பதை அழுத்தி, அபௌட் வின்ரார் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 7.13 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வின்ராரைப் போலப் பொதி பிரிக்கும் செவன்-ஜிப் என்ற இன்னொரு மென்பொருள் என்றாலும் அதே ஹெல்ப், அபௌட்தான். அதில் 25.01-க்குக் குறையாமல் இருக்கட்டும். 25.00-க்கு முந்திய பதிப்புகளில் குறியீட்டு இணைப்புகளை (வேறு இடத்தைக் காட்டும் கோப்புகளை) கையாள்வதில் ஓட்டை இருந்தது, 25.01-இல் இன்னொன்றை அடைத்தார்கள். செவன்-ஜிப்பும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. அதனால் 'நான் வின்ரார் பாவிக்கிறதில்ல' என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒரே கணினியில் இரண்டும் இருக்கலாம். செட்டிங்ஸில் அப்ஸ் பட்டியலை ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடுங்கள். நம் கடைகளில் முன்னால் வேலை செய்த தம்பிமார் போட்டுவிட்டுப் போனது, யாரோ வாடிக்கையாளர் கேட்டுப் போட்டது என்று பெயரே தெரியாத பிரிப்பான்கள் சில கிடக்கும். தேவையில்லாததை அழித்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்ட் போனில் உள்ள ரார் செயலிக்கு இந்த 8088 ஓட்டை இல்லை, அது விண்டோஸ் பதிப்புகளுக்கு உரியது. ஆனால் வட்ஸ்அப்பில் வந்த பொதியை அப்படியே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்டால், உங்கள் போனுக்கு ஒன்றும் ஆகாமலே இன்னொருவரின் லெப்டொப்புக்கு அனுப்பியவர் ஆகிறீர்கள்.

படி 2: உண்மையிலேயே தேவையா என்று யோசியுங்கள்

ஸிப் கோப்பை விண்டோஸே பிரிக்கும். விண்டோஸ் 11-க்கு 2023 கடைசியில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு ரார், செவன்-ஜிப் வகைகளையும் அது தானாகவே திறக்கிறது. வீட்டில் விண்டோஸ் 11 இருந்து, பிள்ளையின் வினாத்தாளைப் பிரிப்பதற்கு மட்டும்தான் வேண்டும் என்றால், வின்ராரை அழித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்போது பிரிக்கும் பகுதியும் சேர்ந்து புதுப்பிக்கப்படும். கையால் செய்ய வேண்டிய வேலை ஒன்று குறைகிறது.

நம் பக்கம் பாதிப் பேரிடம் இரண்டாம் கைக் கணினிதான் என்பது எனக்கும் தெரியும். அதில் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கு 2025 ஒக்டோபர் 14-உடன் மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. இப்படியான கணினி என்றால் செவன்-ஜிப் போதும். இலவசம், சின்னது, 32 பிட் கணினிக்கும் பதிப்பு இருக்கிறது. மஸ்கெலியாப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் நாளில்கூட இறக்கிவிடலாம்.

படி 3: சரியான இடத்திலிருந்து இறக்குங்கள்

கூகுளில் தேடி மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். முகவரிப் பட்டியில் நீங்களே எழுதுங்கள். வின்ராருக்கு ரார்லேப் டொட் கொம். செவன்-ஜிப்புக்கு ஏழு என்ற எண், அடுத்து ஒரு சின்னக் கோடு, அடுத்து ஜிப், பிறகு டொட் ஓஆர்ஜி. அந்தச் சின்னக் கோட்டை விடக் கூடாது, ஒரு எழுத்து மாறினாலும் வேறு யாருடைய தளத்துக்கோ போய் நிற்பீர்கள்.

வின்ரார் நிறுவியை இறக்கியதும் அதன் மேல் வலது கிளிக் செய்து புரொப்பர்டீஸ், அங்கே டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பாருங்கள். வின் டொட் ரார் ஜிஎம்பிஎச் என்ற ஜெர்மனி நிறுவனத்தின் கையொப்பம் இருக்க வேண்டும். செவன்-ஜிப் நிறுவியில் இந்தக் கையொப்பம் இருக்காது. அதனால்தான் அதற்குத் தளத்தின் முகவரியைச் சரியாக எழுதுவது இன்னும் முக்கியம்.

கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கிராக் போட்ட, அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்த வின்ரார் வைத்திருப்பவர்கள், புதுப்பித்தால் கிராக் போய்விடும் என்று பயந்தே பழையதோடு இருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். வின்ராரின் 40 நாள் சோதனைக் காலம் முடிந்தாலும் அது வேலை செய்வதை நிறுத்தாது, வாங்கச் சொல்லி ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். கடைக்கு நிரந்தரமாக வேண்டும் என்றால் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் செவன்-ஜிப்புக்கு மாறுங்கள். கிராக் போட்ட பழைய பதிப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

படி 4: பழைய நிறுவியை அழியுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. கடையில் உள்ள நாலு கணினியைப் புதுப்பித்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கில் 5.40 நிறுவியை அப்படியே விட்டிருந்தால், அடுத்த கிழமை வரும் லெப்டொப்பில் மறுபடியும் அதைத்தான் போட்டிருப்பேன். கைப்பழக்கம் அப்படி.

'சொஃப்ட்வெயார்', 'செட்டப்', 'டிரைவர்ஸ்' என்று நாம் பெயர் வைத்துச் சேர்க்கும் ஃபோல்டர்களைத் திறந்து, பிரிப்பான்களின் பழைய நிறுவிகள் எல்லாவற்றையும் நீக்குங்கள். பென் டிரைவ், பழைய சீடி, கூகுள் டிரைவ் எல்லாவற்றிலும் பாருங்கள். அதற்குப் பதிலாகப் புதிய நிறுவியையும் சேமித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் தளத்துக்குப் போய்ப் புதிதாக இறக்குங்கள். சில எம்பிதான்.

படி 5: கோப்பின் வால் பெயரைக் காட்டச் சொல்லுங்கள்

விண்டோஸ் வழமையாகக் கோப்பின் கடைசிப் பகுதியை மறைத்துவிடுகிறது. 'வினாத்தாள் டொட் பிடிஎஃப்' என்று தெரிவது உண்மையில் 'வினாத்தாள் டொட் பிடிஎஃப் டொட் இஎக்ஸ்இ' ஆக, அதாவது திறந்ததும் ஓடும் நிரலாக இருக்கலாம். ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ என்பதற்குள் போய், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். விண்டோஸ் 11-இல் வியூ, அதற்குள் ஷோ, அதற்குள் இது இருக்கும். ஒரு தடவை செய்தால் போதும்.

படி 6: பிரிக்கும் முன் நிதானமாகப் பாருங்கள்

வந்த பொதியை முதலில் வலது கிளிக் செய்து விண்டோஸோடு வரும் அன்டிவைரஸான மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு பிரிப்பானில் திறந்து, உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று வாசியுங்கள். எதையும் அங்கேயே இரண்டு தடவை கிளிக் செய்யாதீர்கள். 2023 ஓட்டை அப்படித்தான் ஆளைப் பிடித்தது.

கேட்டது என்ன, வந்திருப்பது என்ன என்று ஒப்பிடுவதுதான் இதில் உள்ள வித்தை. பாமினி எழுத்துரு வேண்டும் என்று இறக்கிய பொதியில் டிடிஎஃப் என்று முடியும் கோப்பு ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும், எழுத்துருவுக்கு நிறுவி தேவையே இல்லை. அதற்குள் இஎக்ஸ்இ இருந்தால் அப்படியே அழித்துவிடுங்கள். வினாத்தாள் பொதியில் பிடிஎஃப், படம், வேர்ட் கோப்புகள்தான் இருக்க வேண்டும். கல்யாண அல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரர்கள் பெரிய பெரிய ரார் பொதிகளாக டிசைன்கள் இறக்குவார்கள். அதில் பிஎஸ்டி, ஜேபெக் தவிர வேறு என்ன வேலை? இஎக்ஸ்இ, எஸ்சிஆர், பேட், சிஎம்டி, விபிஎஸ், ஜேஎஸ், எச்டிஏ, எல்என்கே என்று முடிபவை திறந்ததும் எதையாவது ஓட்டும் கோப்புகள், அவற்றில் எதுவும் ஒரு வினாத்தாள் பொதிக்குள் வரக் காரணம் இல்லை.

கடவுச்சொல் போட்ட பொதி வந்தால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். கடவுச்சொல் இல்லாமல் டிஃபெண்டரால் உள்ளே பார்க்க முடியாது. அதற்காகவேதான் ஆபத்தானவர்கள் பொதியைப் பூட்டி, கடவுச்சொல்லை அதே செய்தியில் எழுதி அனுப்புகிறார்கள். 'பிரிப்பதற்கு முன் அன்டிவைரஸை நிறுத்தவும்' என்று எங்காவது எழுதியிருந்தால் அதற்கு மேல் ஒன்றும் யோசிக்க வேண்டாம், அழித்துவிடுங்கள். கிராக் போட்ட போட்டோஷொப் தேடும் பிள்ளைகள் இந்த வரியை எத்தனையோ தடவை பார்த்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று. 8088 மாதிரி ஓட்டையில் மறைவான அடுக்குகள் பட்டியலில் தெரியவே தெரியாது. கண்ணால் பார்த்து எல்லாவற்றையும் பிடிக்கலாம் என்று நம்பி முதல் நாலு படிகளையும் விட்டுவிடாதீர்கள். புதிய பதிப்புதான் கதவு. இந்தப் படி ஜன்னலுக்குப் போடும் கொக்கி.

படி 7: தனியிடத்தில் பிரியுங்கள்

டெஸ்க்டொப்பில் நேரடியாகப் பிரிக்காமல், அதற்கென்று ஒரு ஃபோல்டர் வையுங்கள். பிரித்ததும் அந்த ஃபோல்டரை இன்னொரு தடவை டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள்.

செவன்-ஜிப் பாவிப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய கோப்புக்கு விண்டோஸ் 'இது வெளியிலிருந்து வந்தது' என்று ஒரு அடையாளம் ஒட்டிவைக்கும். அந்த அடையாளம் இருந்தால்தான் திறக்கும்போது எச்சரிக்கை வரும், வேர்ட் கோப்பு பாதுகாப்பான முறையில் திறக்கும். செவன்-ஜிப் பிரிக்கும்போது உள்ளே உள்ள கோப்புகளுக்கு வழமையாக அந்த அடையாளத்தை ஒட்டுவதில்லை. டூல்ஸ், ஒப்ஷன்ஸ் போய், செவன்-ஜிப் என்ற தாவலில் புரொப்பகேட் ஸோன் ஐடி ஸ்ட்ரீம் என்ற இடத்தில் யெஸ் என்று மாற்றுங்கள். 24.09-க்கு முந்திய பதிப்பில் அதையும் ஏமாற்றிவிடும் ஓட்டை ஒன்று இருந்தது. 25.01 போட்டிருந்தால் அந்தக் கவலை இல்லை.

படி 8: கடைக்கு இரண்டு கணக்கு

இந்தப் படியைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். ஓட்டை யாரைச் சுடும் என்று பார்த்தால் கடைக்காரரை விட ஊர்ச் சனத்தைத்தான்.

காலையில் கொழுந்து எடுக்கப் போக வேண்டிய அக்கா ஒருவர், அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பொலித்தீன் பையில் தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் சுற்றி எடுத்துக்கொண்டு நம் கடைக்கு வருகிறார். அஸ்வெசும என்ற அரச நிவாரணக் கொடுப்பனவுக்கு விண்ணப்பம், ஊழியர் சேமலாப நிதிப் பத்திரம், மத்திய கிழக்குக்குப் போக பாஸ்போர்ட் கொப்பி. நாம் ஸ்கேன் செய்து, அனுப்பிவிட்டு, டெஸ்க்டொப்பில் அப்படியே விட்டுவிடுகிறோம். என் கணினியில் அன்று எண்ணிப் பார்த்தபோது நூற்றுக்கணக்கான பேரின் அடையாள அட்டைகள் இருந்தன. அதே கணினியில்தான் யார் யாரோ கொண்டுவரும் பென் டிரைவையும் போடுகிறோம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது.

விண்டோஸில் இரண்டு பயனர் கணக்கு உண்டாக்குங்கள். ஒன்று நிர்வாகிக் கணக்கு. அதில் மென்பொருள் போடுவதைத் தவிர வேறு வேலை செய்யக் கூடாது. இன்னொன்று ஸ்டேண்டர்ட் கணக்கு, வாடிக்கையாளர் கொண்டுவருவதைத் திறக்கவும் அச்சடிக்கவும். ஸ்டார்ட்அப் ஃபோல்டர் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி. தீய கோப்பு ஒன்று விழுந்தாலும் அந்த ஸ்டேண்டர்ட் கணக்கோடு மட்டுப்பட வாய்ப்பு அதிகம். முழுத் தடுப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வித்தியாசம் பெரியது. இரண்டு கணினி வைத்திருப்பவர்கள் ஸ்கேனுக்கு ஒன்று, பென் டிரைவுக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் இன்னும் நல்லது.

கடை மூடும் முன் அன்று எடுத்த ஸ்கேன்களை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். 'அண்ணே, போன மாசம் எடுத்தீங்களே, அதையே பிரிண்ட் பண்ணித் தாங்க' என்று கேட்பார்கள். 'வைக்கிறதில்லம்மா, உங்க கார்ட்தானே, திரும்ப எடுத்துத் தர்றேன்' என்று சொல்லுங்கள். அந்த இரண்டாவது ஸ்கேனுக்கு நான் காசு வாங்குவதில்லை.

படி 9: ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதா என்று தேடுங்கள்

பழைய பதிப்போடு நீண்ட நாள் இருந்தவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் என்ற சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ஷெல் என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் ஸ்டார்ட்அப் என்று எழுதி எண்டர் அழுத்துங்கள். உங்கள் கணக்கின் ஸ்டார்ட்அப் ஃபோல்டர் திறக்கும். அநேகமாக அது வெறுமையாகவோ, நீங்கள் அறிந்த ஓரிரு குறுக்குவழிகளோடோ இருக்கும். அறியாத ஏதாவது இருந்தால் அதைத் திறக்காதீர்கள். வலது கிளிக், புரொப்பர்டீஸ், டார்கெட் என்ற இடத்தில் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். டெம்ப் என்ற தற்காலிக ஃபோல்டரைக் காட்டினால் நிச்சயம் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் தாவலில் உள்ள பட்டியலையும் வாசியுங்கள். இந்த இரண்டையும் ஒவ்வொரு பயனர் கணக்கிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

அடுத்தது டிஃபெண்டரின் ஒஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஒப்ஷன்ஸ் போனால் கடைசியில் இருக்கும். கணினி மறுபடி துவங்கி, விண்டோஸ் முழுக்க ஏறும் முன்னே சோதிக்கும். கால் மணி நேரம் அளவில் முடிந்துவிடும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். மழையோடு கரண்ட் போய் வரும் நாளில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

படி 10: ஏதாவது கிடைத்துவிட்டால்

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை நிறுத்துங்கள், வயர் என்றால் கழற்றிவிடுங்கள். கண்டதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினியில் பாவித்த மின்னஞ்சல், பேஸ்புக், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள், அதே கணினியிலிருந்து மாற்றினால் புதியதும் போய்விடும். வங்கிக்கு அழைத்துச் சொல்லுங்கள். இலங்கை சேர்ட் என்ற கணினி அவசர உதவி அமைப்புக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள்.

கடைக் கணினியாக இருந்தால், சுத்தம் செய்து தொடர்வதைவிட விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் சரி என்பது என் முடிவு. வேர்ட், பிடிஎஃப், படங்கள் மட்டும் எடுத்து வைத்துவிட்டு, நிறுவிகளையும் பொதிகளையும் எடுக்காமல், முழுதாக அழித்துப் போடுங்கள். ஒரு நாள் வியாபாரம் போகும். அந்தக் கணினியில் ஸ்கேன் எடுத்துச் சென்றவர்களில் தெரிந்தவர்களுக்காவது சொல்லிவிடுங்கள். சொல்ல வெட்கமாக இருக்கும். ஆனாலும் வங்கி என்று சொல்லி யாராவது அழைத்தால் ஓடிபி இலக்கத்தைக் கொடுக்காமல் இருக்க அவர்களுக்கு அது உதவும்.

படி 11: நீங்கள் போட்டுக் கொடுத்த கணினிகள்

ரசீதுப் புத்தகத்தை எடுத்து, விண்டோஸ் போட்டுக் கொடுத்த பெயர்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். ஒவ்வொருவராக அழைத்து, ஹெல்ப், அபௌட் எங்கே இருக்கிறது என்று சொல்லி இலக்கத்தை வாசிக்கச் சொன்னேன். பலர் அப்படியே போனில் பேசிக்கொண்டே புதுப்பித்துவிட்டார்கள். சிலர் கடைக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை கடை திறந்ததும் பதிப்பைப் பார்த்து, திகதியோடு சேர்த்து மொனிட்டரின் ஓரத்தில் ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி ஒட்டுகிறேன்.

கொப்பியில் இன்னும் வெட்டாத பெயர் ஒன்றுதான். மஸ்கெலியாவில் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் டீச்சர். அவர் லெப்டொப்பில் பாடசாலைப் பிள்ளைகளின் விபரமெல்லாம் இருக்கிறது, போனில் சொல்லிக் கொடுத்தும் சரிவரவில்லை. வருகிற ஞாயிறு பஸ்ஸில் போய்ச் செய்துவிட்டு வருகிறேன்.